டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கம் தவறாக ஏறியிருந்தால் 50 வருடம் கழித்துத் திருத்த முடியுமா?

கேள்வி: 3 பிப்ரவரி 2023

முன்னாள் படைவீரர்கள் பலர் எழுபது வயதுக்கு மேல், "என் பதக்கப் பதிவைத் திருத்திக் கொடுங்கள்" என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பரம் வீர் சக்ரா, வீர் சக்ரா என்றால் மாதப் படி உண்டு, புரிகிறது. சண்டைக்குப் போன எல்லோருக்கும் கொடுத்த பதக்கத்தில் காசா, பணமா? இது வெறும் வீம்பு என்பது என் கருத்து. யாராவது மறுக்க முடியுமா?

4 பிப்ரவரி 2023

வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீம்பு இல்லாதவன் பதினெட்டு வயதில் கோவில்பட்டியில் ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போகமாட்டான்.

எனக்கு வயது 72. 1968ல் சேர்ந்தேன், 1983ல் வெளியே வந்தேன். லாரி ஓட்டுநர். எந்தப் பிரிவு என்று சொல்ல மாட்டேன். போகப் போக அலுவலகத்தைத் திட்ட வேண்டியிருக்கும். இன்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நான் வண்டி ஓட்டிய காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

என் டிஸ்சார்ஜ் புக்கில் (பட்டாளத்திலிருந்து விலகும்போது கொடுக்கும் பணிப் பதிவுப் புத்தகம்) பதக்கப் பகுதியில் நான்கு வரிகள். சங்ராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழா மெடல், ஒன்பது வருட நீண்ட சேவை மெடல். மூன்றும் சரி. நான்காவது வரி பூர்வி ஸ்டார். அது எனக்கு உரியதே இல்லை.

1971ல் பாகிஸ்தானோடு நடந்த போருக்கு இரண்டு ஸ்டார்கள் கொடுத்தார்கள். கிழக்கு முனையில், இன்றைய வங்கதேசப் பக்கம், இருந்தவனுக்குப் பூர்வி, மேற்கு முனையில் இருந்தவனுக்குப் பஸ்சிமி. நான் டிசம்பர் முழுக்க இருந்தது மேற்கில், பாகிஸ்தானின் ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆற்றுக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும். வங்காளத்தை நான் பார்த்ததே 1978ல், ஹௌராவில் ரயில் மாறியபோது. ஏதோ ஒரு குமாஸ்தா பாபு பேனாவை அசட்டையாக ஓட்டியதில் என் போரே திசை மாறிவிட்டது.

5 பிப்ரவரி 2023

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர், "ஐயா, உங்களுக்கு விருதுப் பணம் வருமே" என்கிறார்கள். வராது.

வீரச் செயலுக்குக் கொடுப்பது விருது. போர்க்களத்தில் இருந்ததற்குக் கொடுப்பது பதக்கம். பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26ல் தொடங்கப்பட்டவை. சேனா மெடல் 1960ல். 2017ல் படியை இரட்டிப்பாக்கியபோது பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய் என்று ஆனது. பூர்விக்கும் பஸ்சிமிக்கும் ஒரு தேநீர்க் காசுகூட இல்லை. என் மகன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் "வீரப் பதக்கம் பெற்ற" என்று போட்டு, நான் அடித்து, அவன் மறுபடி போட்டு, கடைசியில் அப்படியே அச்சாகிவிட்டது. அது வேறு கதை.

11 பிப்ரவரி 2023

எங்கே எழுதுவது என்று கேட்டவருக்கு.

டெல்லிக்கு எழுதாதீர்கள். ஜனாதிபதிக்கு எழுதாதீர்கள் (எழுதினேன், அது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்தது). உங்கள் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்கள் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. (வண்டி, கருவி பழுதுபார்க்கும் பிரிவு) என்றால் செகந்திராபாத், மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. இதை வைத்து என் பிரிவை ஊகிக்க வேண்டாம், பட்டியலில் அது இல்லாமலும் இருக்கலாம்.

டிஸ்சார்ஜ் புக் நகல், பென்ஷன் ஆணை நகல், ஒரு அபிடவிட். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் ஒரு முத்திரை கூடுதலாகக் கிடைக்கும். பட்டாளத்தில் முத்திரைக்கு மரியாதை உண்டு.

முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள். சிரிக்காதீர்கள். நம் ஊரில் அப்பா பெயர் இன்ஷியலாக முன்னால் நிற்கும். வடக்கத்தி பாபு அதை விரித்து எழுதும்போது அப்பா பிள்ளையாகிவிடுவார், பிள்ளை அப்பாவாகிவிடுவான். என் புத்தகத்தில் நான், என் பென்ஷன் ஆணையில் நான், என் ஆதாரில் நான் என்று மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேர் இருக்கிறோம். மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்ய 300 ரூபாய் ஆனது. கைகொடுப்பது ராணுவ எண் மட்டும்தான். அதை யாரும் தமிழில் உச்சரித்துக் கெடுக்க முடியாது.

26 பிப்ரவரி 2023

அமெரிக்காவில் இதெல்லாம் ஒரு மணி நேர வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம், காகிதம் இருந்தால். 1973 ஜூலை 12ல் மிசூரி மாநிலத்தில் அவர்களுடைய ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை கோப்புகள் போயின. 1912 நவம்பருக்கும் 1960க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் சாம்பல். மாற்றுப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அங்கேயும் கிழவர்கள் பழைய கடிதத்தையும் புகைப்படத்தையும் தூக்கிக்கொண்டு, திருத்த வாரியம் என்று ஒன்று இருக்கிறது, அதன் வாசலில் நிற்கிறார்கள். தவறு தெரியவந்த மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று விதி. நியாயம் இருந்தால் வாரியம் தளர்த்தும்.

நம்மிடம் அவ்வளவு பெரிய தீ இல்லை. கரையான் இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் கோப்புகளை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழிப்பார்கள். லாங் ரோல் என்ற பெரிய பேரேட்டில் சில வரிகள் மட்டும் நிரந்தரமாக இருக்கும். நான் பதினைந்து வருடம் முடித்துப் பென்ஷனோடு வந்தவன், அதனால் என் காகிதம் பிழைத்தது.

19 மார்ச் 2023

ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். "டிஸ்சார்ஜ் புக் கைக்கு வந்தது 1983ல். நாற்பது வருடம் என்ன செய்தீர்கள்?"

1983 என்று கூடச் சொல்ல முடியாது. அந்த ஸ்டாரை 1975ல் அணிவகுப்பில் வாங்கிக் கையெழுத்தும் போட்டேன். பூர்வி என்று பார்த்ததும் ஹவில்தாரிடம் சொன்னேன். "இதுவும் ஸ்டார்தான், அதுவும் ஸ்டார்தான், மார்பில் தொங்கும்போது எவன் திசை பார்க்கிறான்?" என்றார். எனக்கு மறுநாள் லீவு. ஊருக்கு ரயில். பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

ஊரில் இறங்கினால் மேற்கு முனையைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்தது அந்த ஒரு புகைப்படம்: டிசம்பர் 16, டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானம், நம் ஜெனரல் அரோரா பக்கத்தில் உட்கார்ந்திருக்க பாகிஸ்தான் ஜெனரல் நியாசி கையெழுத்துப் போடுகிறார், 93,000 பேர் சரண். எங்கள் பக்கம் மறுநாள் 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்குச் சண்டை நின்றது, அவ்வளவுதான். எவ்வளவோ கண்ணிவெடிகளைத் தாண்டிப் பிடித்த நிலத்தை சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். அதை டீக்கடையில் எப்படிச் சொல்வது? "டாக்காவில் இருந்தீர்களா?" என்று கேட்டார்கள். ஸ்டாரைப் பார்த்து வாத்தியார் ஒருவரே அப்படிக் கேட்டார். நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் எனக்கு ஊரில் டாக்காக்காரர் என்று பெயர். எங்கள் வீடு டாக்காக்காரர் வீடு. தபால்காரர் வரை. அந்தப் பாபுவைத் திட்டியவன் இதையும் எழுத வேண்டும்.

2 ஏப்ரல் 2023

பிப்ரவரியில் வீம்பு என்று எழுதினேன். முழு உண்மை இல்லை.

என்னோடு ஓட்டிய ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், பக்கத்துத் தாலுகா. நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். டிசம்பர் 14 இரவு, எங்கள் சக்திமான் லாரிகள் வெடிமருந்தோடு கண்ணிவெடி வயலுக்குள் போட்ட பாதையில் விளக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பாதை என்றால் இருபுறமும் வெள்ளை நாடா கட்டியிருக்கும், அவ்வளவுதான். நாடா கட்டியவர்கள் சாப்பர்கள், அந்தப் பக்கம் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட், நம் மெட்ராஸ் ஆட்கள். பஞ்சாபுக் குளிரில், கும்மிருட்டில், "தம்பி, நாடாவைத் தாண்டாதே" என்று தமிழில் குரல் வந்தது இன்றும் காதில் இருக்கிறது. அவர்களுடைய மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்த நாட்களில்தான் செத்தார். மகா வீர் சக்ரா கொடுத்தார்கள்.

எனக்கு முன்னால் போன அண்ணனின் வண்டி, எதிரே வந்த ஆம்புலன்சுக்கு வழிவிட ஒதுங்கியது. பின்சக்கரம் நாடாவுக்கு வெளியே. அண்ணன் பிழைத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

மருத்துவமனைக் காகிதத்தில் "வாகன விபத்து" என்று எழுதினார்கள். லாரி, ஓட்டுநர், சாலை. யாரோ அவசரத்தில் அப்படிப் புரிந்துகொண்டார்கள். பட்டாளத்தில் எதிரியால் வந்த காயம் ஒரு கணக்கு, மற்றது இன்னொரு கணக்கு. முதல் கணக்கு என்றால் போர்க்காயப் பென்ஷன், தொகை அதிகம். காயப் பதக்கமும் உண்டு. அது தொடங்கியது 1973ல், ஆனால் அதற்கு முன்னால் அடிபட்டவர்களுக்கும் பொருந்தும். அண்ணன் சாதாரண ஊனப் பென்ஷனோடு 2019ல் போய்ச் சேர்ந்தார். மதினி 2021ல் மனுப் போட்டார். நேரில் பார்த்த சாட்சி வேண்டும் என்றார்கள். உயிரோடு இருப்பது நான் ஒருவன். அபிடவிட் கொடுத்தேன்.

2022 நவம்பரில் பதில் வந்தது. சாட்சி சொல்பவர் பதிவுகளின்படி கிழக்கு முனையில் பணியாற்றியவர், மேற்கில் நடந்த சம்பவத்தைப் பார்த்திருக்க இயலாது, ஏற்பதற்கில்லை.

மதினி அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து, "கொழுந்தனாரே, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

3 ஏப்ரல் 2023

என்ன சொன்னீர்கள் என்று கேட்கிறார்கள். "இன்னும் காகிதம் கேட்கிறார்கள் மதினி" என்றேன்.

14 மே 2023

தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) நான் கேட்டிருந்ததற்குப் பதில் வந்துவிட்டது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், முப்பது நாள் கெடு. கெடு தாண்டித்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

பிப்ரவரி 4ல் பாபுவின் பேனா என்று எழுதினேன். வாபஸ். பேனாவில் தவறில்லை. 1971 அக்டோபரில் எங்கள் பட்டாளக் கம்பெனி கிழக்குக்குப் புறப்பட்டபோது ஏழெட்டு வண்டிகளையும் ஆட்களையும் மேற்கில் இன்னொரு பிரிவோடு ஒட்டிவைத்துவிட்டுப் போனார்கள். சம்பளமும் பதிவும் கம்பெனி கணக்கில், சோறும் வேலையும் ஒட்டிய இடத்தில். போர் முடிந்து ஸ்டாருக்குப் பெயர்ப் பட்டியல் கேட்டபோது கம்பெனி தன் முழுப் பட்டியலையும் அப்படியே கொடுத்தது. பார்ட் டூ ஆர்டரில் (ஆட்களின் பதிவு மாற்றங்களை அறிவிக்கும் உத்தரவு) அத்தனை பேருக்கும் பூர்வி. காகிதம் சரியாக இருக்கிறது, நாங்கள்தான் தவறான இடத்தில் இருந்தோம். ஒட்டிவைத்த உத்தரவின் நகல் கோப்பில் இல்லை என்கிறார்கள்.

அப்படியானால் அண்ணனின் புத்தகத்திலும் பூர்விதான் இருந்திருக்க வேண்டும். மதினியிடம் போனில் கேட்டேன். இருக்கிறது. இத்தனை நாள் எனக்கு அது தோன்றவே இல்லை.

9 ஜூலை 2023

கிடைத்துவிட்டது!

என் தங்கச்சி வீட்டில் அம்மாவின் ட்ரங்குப் பெட்டி. அடியில் கல்யாணப் பட்டுக்குக் கீழே என் கடிதங்கள், பதினோரு உறை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியார் வீட்டில் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மடித்து வைத்திருக்கிறார்.

கடிதத்தில் ஊர் பெயர் எழுதக் கூடாது, நானும் எழுதவில்லை. "நலம். குளிர் அதிகம். ரொட்டி பழகிவிட்டது." ஒரு நீதிமன்றத்துக்கும் உதவாத வரிகள். உறையின் மேல்தான் விஷயம். அனுப்புநர் முகவரியில் என் எண், பெயர், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்று இருக்கிறது.

பட்டாளத்துக் குடும்பங்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ராணுவத் தபாலுக்கு இரண்டு முகவரிகள். 56 என்றால் டெல்லி வழியாக வடக்குக்கும் மேற்குக்கும். 99 என்றால் கல்கத்தா வழியாகக் கிழக்குக்கு. கம்பெனி 99க்குப் போய்விட்டது. என் உறைகள் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் 56. களத் தபால் நிலையத்தின் முத்திரை எண் நான்கில் தெளிவாகத் தெரிகிறது.

முத்திரைக்கு மரியாதை உண்டு என்று மேலே எழுதியிருந்தேனே.

10 ஜூலை 2023

அவசரப்பட்டுக் கொண்டாடிவிட்டேன். ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். டிசம்பர் 16 தேதியிட்ட கடிதத்தில், "நேற்று ராத்திரி நம் பக்கத்து ஊர் அண்ணனுக்குக் காலில் அடி, பயப்பட வேண்டாம், அவர் வீட்டில் சொல்ல வேண்டாம்" என்று இருக்கிறது.

நேற்று ராத்திரி என்றால் 15. என் அபிடவிட்டில் 14. இங்கே ஏப்ரல் 2ல் எழுதியதிலும் 14. ஐம்பது வருடமாக நான் 14 என்றே நினைத்திருக்கிறேன், சத்தியமும் செய்திருக்கிறேன். மருத்துவமனைச் சேர்க்கைத் தேதி 16 அதிகாலை. அப்படியானால் 15 இரவுதான் பொருந்துகிறது. பசந்தரைக் கடந்து டாங்கிகள் போன இரவும் அதுவே. மறுநாள் பகலில்தான் பூனா ஹார்ஸ் டாங்கிப் படையின் அருண் கேத்தர்பால் டாங்கிக்குள்ளேயே இறந்து பரம் வீர் சக்ரா பெற்றார். வயது 21. என் வயது. நான் அவரைப் பார்த்ததில்லை, புகையைப் பார்த்தேன்.

புது அபிடவிட் எழுதுகிறேன். முந்தையதில் தேதி தவறு என்று அதிலேயே ஒப்புக்கொள்ளப் போகிறேன். வக்கீல் வேண்டாம் என்கிறார், சந்தேகம் கிளம்புமாம். கிளம்பட்டும். ஒரு கிழவன் ஐம்பது வருடத்துக்கு முந்தைய தேதியை ஒரு நாள் பிசகாமல் சொன்னால்தான் நான் சந்தேகப்படுவேன்.

20 ஆகஸ்ட் 2023

சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்று நாலைந்து பேர். 2007 சட்டம், 2009லிருந்து நடக்கிறது, தெரியும். இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தாமதத்தை மன்னிக்கவும் வழி இருக்கிறது. அது கடைசிக் கதவு. முதலில் மனு, அது மறுக்கப்பட்டால் மேல் மனு, அதற்கப்புறம்தான். இன்னொன்று: பென்ஷன் வழக்கில் ஜெயித்தாலும் பாக்கித்தொகை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும், 2008ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. 1971லிருந்து கணக்குப் போட்டு மதினியின் மகனிடம் லட்சங்களைச் சொல்லாதீர்கள். ஒருவர் சொல்லிவிட்டார், அவன் வீடு கட்டக் கடன் விசாரிக்கிறான்.

15 ஜனவரி 2024

ஒன்றும் வரவில்லை. பொங்கல் வாழ்த்துகள்.

9 ஜூன் 2024

வந்தது. ஒன்றரைப் பக்கம். பார்ட் டூ ஆர்டர் திருத்தப்படுகிறது: பூர்வி ஸ்டார் பதிவு நீக்கம், பஸ்சிமி ஸ்டார் பதிவு சேர்க்கை. உறைகளின் சான்றிட்ட நகல்களைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்களாம். அம்மாவின் பெட்டி ரெக்கார்டு ஆபீசுக்குள் நுழைந்துவிட்டது.

கடைசி வரி: ஏற்கெனவே வழங்கப்பட்ட பூர்வி ஸ்டாரைத் திருப்பி அனுப்பவும்.

10 ஜூன் 2024

ஸ்டார் என்னிடம் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், "வங்கதேச விடுதலைப் போரில் பங்கேற்ற நம் ஊர் வீரர்" என்ற அட்டையோடு தலைமை ஆசிரியர் அறையில் தொங்குகிறது. 1996ல் நானே கொடுத்தது.

13 ஜூன் 2024

போய்க் கேட்டேன். தலைமை ஆசிரியை சின்னப் பெண், என் பேத்தி வயது. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்கா, டீக்கடை, சிரித்தது எல்லாம். நாற்காலியில் உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஐயா, அப்படியென்றால் ஷகர்கர் எங்கே இருக்கிறது?" என்று வரைபடத்தை எடுத்துவந்தார். பள்ளி வரைபடத்தில் அது இல்லை. ஜம்முவுக்குக் கீழே எல்லைக்கோடு நம் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

சட்டத்தின் பின்பக்க ஆணி துருப்பிடித்திருந்தது. காவலாளி குறடு கொண்டுவந்து கழற்றினார். சுவரில் சதுரமாக வெள்ளைத் தடம்.

17 ஜூன் 2024

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியாயிற்று. எங்கள் தபால்காரர்தான் கவுண்டரில் இருந்தார். அனுப்புநர் பெயரைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில், "டாக்காக்காரரே, உள்ளே என்ன?" என்றார். "அதுதான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

4 ஆகஸ்ட் 2024

அண்ணனின் பதிவையும் அதே ஆர்டரை மேற்கோள் காட்டித் திருத்தச் சொல்லி மதினி பெயரில் மனு போயிருக்கிறது. கூடவே என் புது அபிடவிட், 15ஆம் தேதி என்று. பதிவு எண் வந்துவிட்டது. மதினியிடம் 2022 நவம்பரில் வந்த மறுப்புக் கடிதத்தில் உண்மையில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றார்.

பஸ்சிமி ஸ்டார் இன்னும் வரவில்லை. அபிடவிட் மாதிரி கேட்டவர்கள் பிப்ரவரி 11 குறிப்பைப் பாருங்கள். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பழைய உறைகளை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் முத்திரை மை மங்கிவிடும். பதினொன்றில் ஒன்றை நான் அப்படித்தான் கெடுத்தேன்.